மொட்டைமாடியில பாங்கா இலை

அதெல்லாம் எடுக்க முடியாது தம்பி. வேணும்னா வீட்டு ஓனர்கிட்ட இன்னொரு தடவை போய்ச் சொல்லுங்க. அவரும் இந்த இலை போட்ட குழம்பைக் குடிச்சு வளந்த ஆளுதான். ஒரு பக்கம் உங்களுக்குத் தலையாட்டுவாரு, இன்னொரு பக்கம் சாயங்காலம் எங்கிட்ட வந்து ரெண்டு கொத்து பறிச்சுட்டுப் போவாரு.

ஏங்க, ஏங்க, மொதல்ல அந்தக் கையை எடுங்க. செடி வச்சிருக்கற தெர்மோகோல் பெட்டி, அழுத்துனா விண்டுரும். மீன் மார்க்கெட்ல தூக்கிப் போடற பெட்டின்னு உங்களுக்கு இளப்பமா இருக்கலாம். ஒவ்வொண்ணையும் தலையில வச்சு இந்த யொங்தோ மேட்டுப்படி ஏறிக் கொண்டாந்தவளுக்குத்தான் அருமை தெரியும். பஸ்காரன் மீன் பெட்டியை ஏத்த மாட்டேன்னுட்டான். போடா நீயும் உன் பஸ்ஸும்னுட்டு நடந்தே வந்தேன்.

சியோல்லேர்ந்து மாத்தலாகி வந்து எம்புட்டு நாள் ஆச்சு உங்களுக்கு? இன்னும் சாமான் கட்டுன கயிறுகூட அவுக்கல. மாடி ரூமுக்கு வாடகை குடுத்தா மாடியே உங்களுது ஆயிருமா? இங்க துணி காயும், மொளகா காயும், நான் ஒருத்தி நின்னு காயுவேன். பூசான்ல அப்படித்தான்.

இதுவா? பாங்கா. இல்ல, எள்ளுச்செடி மாதிரி இருக்கறது அந்தப் பக்கம், அது வேற. இதுதான் பாங்கா. துளசியையும் சோம்பையும் சேத்துக் கசக்குன மாதிரி இருக்கும். உங்க ஊர்க்காரங்களுக்கு ஆகாது, தெரியும். போன மாசம் சியோல்லேர்ந்து ஒரு கும்பல் கடைக்கு வந்துச்சு. கீழ இருக்கே விலாங்குக் குழம்புக் கடை, அது என்னுதுதான், நீங்கதான் ஒரு நாளும் எட்டிப் பாக்கலயே. அந்தக் கும்பல்ல ஒருத்தி ஒரு வாய் வச்சுட்டு, என்னங்க குழம்புல பல்பொடி விழுந்துருச்சான்னு கேட்டா. அடி போடி, விலாங்கோட கவுச்சியை அடக்கறதுக்கு இந்த ஒரு இலைதான் உண்டு, வேணாம்னா வெறுஞ்சோறு தின்னுட்டுப் போன்னு சொல்லிட்டேன். கடைக்காரி பேசற பேச்சா அதுன்னு கேக்காதீங்க. நான் அப்படித்தான் பேசுவேன்.

மார்க்கெட்ல விக்குதுதான். யாரு இல்லைன்னா? காலையில வாங்கினா மதியத்துக்குள்ள தொங்கிப்போகும். இது பாருங்க, நுனியைக் கிள்ளக் கிள்ள பக்கத்துல ரெண்டு கிளை விடும். ஊதாப்பூ தலைகாட்டுறதுக்கு முன்னாடி கிள்ளிரணும், விட்டா இலை முத்திரும். குளிர்ல மொட்டையா நிக்கும், செத்துச்சுன்னு நினைப்பீங்க. சித்திரை வெயில் லேசா பட்டா வேர்லேர்ந்து முட்டிக்கிட்டு வரும். அரிசி கழுவுன தண்ணி ஊத்துனா போதும். இதைப் போயி குப்பைங்கறீங்க.

சரி, இந்த வருஷம் பெட்டி கூடித்தான் போச்சு. ஒத்துக்கறேன். நடக்க வழியில்லைங்கறதும் நெசந்தான். ஆனா காரணம் இருக்கு.

எனக்கு ஒரு நாத்தனா. பில்நாம்னு பேரு. கடை எங்க மாமியா ஆரம்பிச்சது. அந்தம்மா சாகறதுக்கு முந்தின வருஷம் கரண்டியை மகள்கிட்ட குடுக்காம எங்கையில குடுத்துட்டா. உனக்குத்தான்டி மூக்கு இருக்குன்னா. அன்னைக்குப் பிடிச்ச காந்தல் நாத்தனாருக்கு, இன்னும் அடங்கல. எங்க வீட்டுக்காரரு ஆழ்கடல் கப்பல்ல இஞ்சின் பாக்கறவரு, வருஷத்துல பாதி தண்ணியிலதான். அவரு இல்லாத நேரமாப் பாத்து வருவா. இந்த வசந்தத்துல வந்தா. பாதிக் கிண்ணம் குடிச்சா. கரண்டியைக் கீழ வச்சா. அண்ணி, குழம்பு செத்துக் கிடக்கு, கடையை எங்கிட்ட விட்டுட்டு நீ மாடியில உக்காந்து செடி வளத்துக்கிட்டு இருங்கறா!

விடுவேனா? எண்ணெய்ப் பலகாரமாத் தின்னு தின்னு உன் நாக்குத்தான் செத்துப்போச்சு, எந்திரிடின்னேன். அவ குடிச்ச கிண்ணத்தை அவ முன்னாடியே சாக்கடையில கவுத்தேன். மறுநாளே போயி இன்னும் பெட்டி தூக்கியாந்தேன். அவ சொன்னதுக்கு வீம்பாத்தான். ஒரு கைப்பிடி போடற இடத்துல ரெண்டு கைப்பிடி போட்டேன். யாரு கேக்க முடியும்? என் இலை, என் அண்டா.

கூட்டமா? வரத்தான் செய்யுது. கொஞ்சம் கொறைஞ்சிருக்கு, இப்ப எந்தக் கடையில கொறையல? துறைமுகத்துல கிரேன் ஓட்டற ஹியோன்னு ஒருத்தர். ஷிப்டு முடிஞ்சா நேரா நம்ம கடைதான், பொண்டாட்டி மூஞ்சியை அப்புறந்தான் பாப்பாரு. போன சனிக்கிழமை ரெண்டு வாய் வச்சாரு, எந்திரிச்சுட்டாரு. என்ன ஹியோன், எந்திரிச்சுட்டீங்கன்னு கேட்டேன். வயிறு சரியில்லம்மான்னாரு. மொகத்தை நிமுந்து பாக்கல. அதுக்கப்புறம் ஆளைக் காணோம். வயித்துக்கு என்னவோ. பாவம், கிரேன் மேல உக்காந்தே கெடந்தா எந்த வயிறு தாங்கும்?

என்ன? இல்ல தம்பி, அது இலை வாசனைதான். காத்து அடிக்கறப்ப உங்க ஜன்னலுக்கு வரும், ரெண்டு மாசம் போனா பழகிரும்.

இலை வாசனை இல்லையா?

பின்ன என்ன வாடைங்கறீங்க?

சும்மா சொல்லாதீங்க. செத்த மீனா? மாடியில எங்கேர்ந்து செத்த மீனு? இந்த ஊர்ல எங்க நின்னாலும் மீன் வாடை வரும், கடல்காத்துங்க அது. இல்லையா? அழுகுன வாடைங்கறீங்களா. எத்தனை நாளா? ஒரு வாரத்துக்கு மேலயா? ஜன்னலையே திறக்கலயா நீங்க?

எந்தப் பக்கம்? கையைக் காட்டுங்க. அந்தக் கடைசிப் பெட்டியா.

அதுலதான் விலாங்குத் தலையெல்லாம் போட்டுப் புதைச்சேன். நல்ல உரம்னு மார்க்கெட்ல ஒருத்தி சொன்னா. ஆழமாத்தான் போட்டேன். மழை பேஞ்சு மண்ணு இறங்கிருச்சு போல. இருங்க, கிளறிப் பாக்கறேன்... ஆமா. அழுகித்தான் கெடக்கு. வெள்ளை வெள்ளையா நெளியுது பாருங்க. நேத்தே ஈ மொய்ச்சுச்சு. வெயில் காலம், ஈ வரத்தானே செய்யும்னு தட்டிவிட்டுட்டு, இதே எடத்துல குனிஞ்சு தண்ணி ஊத்திட்டுப் போனேன்.

மூக்கைப் பொத்திக்கோங்க, பொத்திக்கோங்க. எனக்கு வேணாம்.

எனக்கு வாசனை தெரியாது தம்பி. போன குளிர்ல ஒரு காய்ச்சல் வந்துச்சு, அதோட போச்சு. டாக்டரு வரலாம், வராமலும் போகலாங்கறாரு. பூண்டு கருகுனாலும் தெரியாது, கேஸ் திறந்து கெடந்தாலும் தெரியாது. தெனம் காலையில வந்து இந்த இலையைக் கசக்கி மூக்குக்கிட்ட வச்சுப் பாப்பேன், இன்னைக்கு வந்துருமான்னு. ஒண்ணும் இருக்காது, காகிதத்தை மோந்த மாதிரி. கப்பல்ல இருக்கறவருகிட்டயும் சொல்லல. நாத்தனா காதுல விழுந்தா அடுத்த பஸ்ஸுல கரண்டியோட வந்து நிப்பா. உங்களுக்கு இங்க யாரையும் தெரியாது, அதனாலதான் உங்ககிட்ட வாய்விட்டுச் சொல்லிட்டேன்.

அழல தம்பி. மூக்கு மத்த வேலையெல்லாம் விட்டுருச்சு, ஒழுகறதை மட்டும் விடல.

கடையை மூடச் சொல்லாதீங்க, அது நடக்காது. முப்பது வருஷமா உப்பு இந்தக் கைக்குத் தெரியும், காரம் தெரியும், கொதிக்கற சத்தத்துலயே பக்குவம் தெரியும். செடியையும் எடுக்க மாட்டேன். அந்த ஒரு பெட்டியை மட்டும் இப்பவே கீழ கொண்டு போயிடறேன், அது உங்களுக்காக இல்ல, அது அழுகிருச்சு, அதுக்காக.

ஆனா ஹியோன் எந்திரிச்சுப் போனது வயித்தாலயான்னு இப்ப சந்தேகமா இருக்கு. அன்னைக்கும் கையில தொட்டுப் பாத்தேன், மீனு வழவழன்னு நல்லாத்தான் இருந்துச்சு.

செருப்பை மாட்டுங்க. ஆமா, கீழதான். காலையில வந்த விலாங்கு ஐஸ்ல கெடக்கு, இன்னும் அடுப்புல ஏத்தல. நீங்க ஒரு தடவை மோந்து பாத்துருங்க. குழம்பு செத்துப்போச்சுன்னு எந்த நாத்தனா வேணும்னாலும் சொல்லிக்கட்டும், நான் பதில் சொல்லிக்குவேன். கெட்ட மீனைப் போட்டுட்டாளேன்னு ஒருத்தன் சொல்லக் கூடாது. முகதாட்சண்யம் பாக்காதீங்க. கெட்டிருந்தா கெட்டிருக்குன்னு சொல்லுங்க, அப்படியே கொட்டிட்டு இன்னைக்கு லீவுன்னு பலகையை மாட்டிடறேன்.

படி செங்குத்து, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இறங்குங்க.