பிராந்திக்கடை வரிசையில் விட்ட வழி

ஒட்டுக்கேட்பது என் வழக்கமில்லை. கொச்சியில் மட்டாஞ்சேரிக்குப் போகும் படகில் முன்னால் இருந்த இரண்டு பெண்களின் பேச்சு தானாகவே காதில் விழுந்தது. பிழைக்க வந்த தமிழ்க்காரிகள். சின்னவள்தான் ஆரம்பித்தாள்.

"ஏங்க்கா, பெட்ரோல்ல சாராயம் கலக்குறாங்களாமே? ஆட்டோவும் குடிக்க ஆரம்பிச்சிருச்சு! புகை கம்மியாம், காத்துக்கு நல்லதாம்."

"காத்துக்கு நல்லதா இருக்கும். அந்தச் சாராயம் எடுக்கணும்னு எங்க ஊரச் சுத்திக் கரும்பாப் போட்டாங்க. கெணறு வத்திருச்சு. வயல வித்துட்டு வந்தோம். அந்த ஏக்கத்துலதான் எங்க வீட்டுக்காரரு குடிக்கப் பழகினாரு."

"அண்ணன் இப்பவும் கடைக்குப் போறாரா?"

"நடக்கவே முடியலடி, ஈரல் போச்சு. நேத்து நான்தான் தெருமுனை பிராந்திக்கடை வரிசையில போய் நின்னேன்."

"நீயா? இனிமே தொட்டா ஆளு தங்காதுன்னு டாக்டர் சொன்னாரே!"

"கை நடுங்குது, பச்சப்புள்ள மாதிரி கெஞ்சுறாரு. என்ன பண்ணச் சொல்ற?"

"அத்தனை ஆம்பளைங்க நடுவுலயா நின்ன?"

"எங்க நிக்க விட்டாங்க? 'சேச்சி முன்னே போய்க்கோ'ன்னு எல்லாரும் ஒதுங்கி வழி விட்டாங்க. ஒருத்தன்கூடச் சிரிக்கல."

படகு கரையை நெருங்க, பெரியவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"யாராவது சிரிச்சிருந்தா, வாங்காமத் திரும்பியிருப்பேன்டி."