டிம் வெளிச்சம்

எனக்கு உரக்கப் பேச வராது, இன்ஸ்பெக்டர் சார். நாற்காலியைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

செஞ்சிக் கடைத்தெருவில் நைனாவுக்கு மோட்டார் சாமான் கடை. பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்துவிட்டு அங்கேதான் பல்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அறுபத்திரண்டில் கோதண்டராமன் என்னைப் பெண் பார்க்க வந்தார். காபி கொடுத்துவிட்டு உள்ளே போனேன். டம்ளர் எடுக்கத் தங்கை மங்கை போனாள். அவர் நைனாவிடம் சொன்னது சமையல்கட்டுவரை கேட்டது.

"பெரிசு டிம்மு, மாமா. சின்னதுதான் பிரைட்டு. அதையே மாட்டிடுங்க."

நைனாவும் சிரித்தார். தை மாதம் மங்கைக்கும் அவருக்கும் கல்யாணம். அக்காள் இருக்கத் தங்கைக்கு ஆன வீடு. அப்புறம் யாரும் பெண் பார்க்க வரவில்லை. கடைக்கு வரும் டிரைவர்கள்கூட என்னை டிம்மு என்றார்கள்.

எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவர் அந்தச் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தார்.

ஹெட்லைட் பல்பில் இரண்டு இழைகள். பிரைட் இழை ஒளியை நேரே எறியும். டிம் இழை சற்று மேலே இருக்கும். அதன் ஒளி குழியாடியில் பட்டுச் சாலையில் தாழ்ந்து விழும். எதிரே வருகிறவனைக் காப்பது அதுதான். பல்பு தலைகீழானால் டிம் ஒளி மேலே ஏறி அவன் கண்ணில் அடிக்கும். அப்படி மாட்ட முடியாதபடி பல்பின் வளையத்தில் ஒரு காடி, சின்ன வெட்டு, வைத்திருக்கிறார்கள். அரத்தால் இன்னொரு காடி வெட்ட ஐந்து நிமிஷம் போதும். அரம் கடை மேசை இழுப்பறையில் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை கோதண்டராமன் தன் காருக்குப் பெரிய பல்பு கேட்டு வந்தார். சாயங்காலம் திண்டிவனம் போக வேண்டுமாம். மாட்டிக்கொடுத்தேன். கடைச் சுவரில் பிரைட்டை அடித்துப் பார்த்தார். டிம்மை யாரும் பார்ப்பதில்லை, சார்.

"டிம்மு மாட்னாலும் பிரைட்டாத்தான் எரியுது," என்றார்.

விளக்குக் கண்ணாடியின் மேல்பாதியில் கறுப்புப் பூசியிருந்தது. எதிரே வருகிறவனுக்குக் கண் கூசாமலிருக்க அது போதும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். கீழ்ப்பாதி வழியாகவும் ஒளி மேலே போகும்.

ஏழரை மணிக்கு எதிரே உர மூட்டை லாரி வந்தது. கோதண்டராமன் மரியாதை தெரிந்தவர், டிம் செய்திருப்பார். லாரிக்காரருக்குக் கண் நிறைய வெளிச்சம், கோதண்டராமனுக்குச் சாலை இருட்டு. நேருக்கு நேர் மோதிக்கொண்டார்கள். காரின் ஸ்டியரிங் தண்டு அவர் நெஞ்சைத் துளைத்து சீட்டில் குத்தி நின்றது. லாரி டிரைவர், அனந்தபுரம் பால்சாமி, கண்ணாடியைப் பிளந்து காரின் மேல் வந்து விழுந்தார். தலையில் பாதி இல்லை. அவரை எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அந்தச் சாலையில் ஒரு லாரியாவது வரும் என்பது மட்டும் தெரியும்.

மங்கையைப் பற்றிக் கேட்கிறீர்கள். தாலிக்கொடி கழுத்துச் சதைக்குள் புதைந்து, ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் இருந்தாள். அவள் என் ஏற்பாட்டில் இல்லை. கார் கிளம்பும்போதுதான் ஓடிவந்தாள். புதுப் புடவை கட்டியிருந்தாள்.

"அக்கா, நானும் போயிட்டு வரட்டா?"

தலையசைத்தேன். அவள் பக்கத்துக் கதவு சரியாக மூடவில்லை. நானே அழுத்திச் சாத்தினேன்.

கூச்ச சுபாவம், சார். யாரிடமும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வராது.