மீதி ஐந்து நாள்

2024 செப்டம்பர் 18, புதன்கிழமை பகல் 12.25 மணிக்கு, கெர்ரி மாவட்டம் கென்மேர் காவல் நிலையத்தில், காவலர் ஈமர் கோகன் கேட்கக் கேட்க நான் சொன்னதும் அவர் எழுதிக்கொண்டதும் பின்வருமாறு.

என் பெயர் கன்செப்டா டோலன். வயது 56. கணவர் பெயர் மலாக்கி டோலன். ராஸ்காமன் மாவட்டம் டெரிலாஹன் கிராமத்தில் எங்கள் ஆட்டுப்பண்ணை வீட்டில் குடியிருந்து வருகிறேன். மாவட்ட நூலகத்தின் நடமாடும் நூலக வண்டியை இருபத்திரண்டு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். எதிரே ஒரு டிராக்டர் வந்துவிட்டால் கால் மைல் பின்னாலேயே போக வேண்டிய சந்துச் சாலைகளில் அந்தப் பெரிய வண்டியை ஓட்டி, இன்றுவரை ஒரு கீறல் விழவிடவில்லை. மேற்படி மலாக்கி தம்முடைய புகாரில் "காருக்குச் சேதம் ஏற்படுமோ என்று அஞ்சுகிறேன்" எனச் சொல்லியிருப்பதாகக் காவலர் படித்துக் காட்டியதால், இதை எல்லாவற்றுக்கும் முன்னால் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

எங்களுக்கு 1993 செப்டம்பரில் திருமணம் நடந்தது. மறுநாள் ஏழு நாள் தேனிலவுப் பயணமாக அவருடைய அண்ணனின் பழைய காரில் புறப்பட்டோம். முதல் இரவு லஹிஞ்ச் கடற்கரையில் தங்கினோம். அதன் பிறகு இரண்டாம் நாள் ஷானன் ஆற்றைக் காரோடு படகில் கடந்து டார்பர்ட்டில் இறங்கி, லிஸ்டோவல் போகும் வழியில் ஒரு நாற்சந்தியில் தொலைபேசிக் கூண்டைக் கண்டதும் அவர் காரை நிறுத்தி வீட்டுக்குப் பேசினார். பசு ஒன்று கன்று ஈன முடியாமல் கிடக்கிறது என்று அண்ணன் சொன்னாராம். அதே நாற்சந்தியில் காரைத் திருப்பினார். நாங்கள் வீடு போய்ச் சேர்ந்தபோது கன்று எழுந்து நின்று பால் குடித்துக்கொண்டிருந்தது.

"அடுத்த வருஷம் மீதியைப் பாத்துக்கலாம் கன்செப்டா, ரோடு எங்க ஓடிப்போயிடப் போகுது" என்று அப்போது சொன்னார். அந்த அடுத்த வருடம் முப்பத்தொரு வருடமாக வரவில்லை. ஒரு வருடம் புல் அறுக்கும் இயந்திரக்காரர் வரும் நாள் என்றார், ஒரு வருடம் வேலி என்றார், ஒரு வருடம் எதுவுமே சொல்லவில்லை, நான் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன்.

இந்த வருடம் சனவரியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி நானே திட்டம் போட்டேன். நூலகத்தில் இருந்த பெரிய சாலை வரைபடத்தைப் பார்த்துத் தாளில் வரைந்தேன். முதல் நாளும் வீடு திரும்பும் கடைசி நாளும் தவிர, ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வைக்கவில்லை. நம் ஊர்ச் சாலையில் நூறு என்றால் முழு நாள் என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். படகு புறப்படும் நேரம், சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பி முடிக்கும் நேரம், மழை கொட்டினால் எங்கே ஒதுங்குவது, எந்த மேட்டில் நிறுத்தித் தேநீர் குடிப்பது என்று எல்லாம் எழுதினேன். முதல் இரண்டு நாள் பழையபடியே போவது, அந்த நாற்சந்தியில் இறங்கி ஒரு படம் எடுத்துக்கொள்வது, அங்கிருந்து மீதி ஐந்து நாளைத் தொடங்குவது என்பதுதான் என் திட்டம்.

அதன் பிறகு நோட்டை மலாக்கியிடம் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு மாலை முழுவதும் படித்தார். "அடேயப்பா, கெட்டிக்காரிதான்" என்றார். வரைபடத்தில் பென்சிலால் மூன்று சிறிய சிலுவைக் குறிகளும் போட்டார். பெட்ரோல் நிலையங்களாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் என் நோட்டில் அவ்வளவு அக்கறை காட்டியதில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை இப்போது சொல்லவே கூசுகிறது.

செப்டம்பர் 14 சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். சாம்பல் நிறக் கார், பதிவு அவர் பெயரில், காப்பீட்டில் இருவர் பெயரும் உண்டு. ஓட்டியது நான். முதல் குறி வந்ததும் "இங்க கொஞ்சம் நிறுத்தேன், ஒருத்தருக்கு வணக்கம் சொல்லிட்டு வந்துடறேன்" என்றார். அது பெட்ரோல் நிலையம் இல்லை, ஆட்டுப்பண்ணை. வணக்கம் ஒரு மணி நேரமும் நாற்பது நிமிடமும் நடந்தது. அன்று மாலை இரண்டாவது குறியிலும் அப்படியே நடந்தது. லஹிஞ்சில் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்ப்பது என் நோட்டில் இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சூரியன் இறங்கி முடிந்திருந்தது.

மறுநாள் ஞாயிறு. படகில் ஆற்றைக் கடந்து பகல் ஒரு மணிக்கு அந்த நாற்சந்திக்கு வந்தோம். தொலைபேசிக் கூண்டு இப்போது இல்லை. கம்பிக் கதவு போட்ட வயல் மட்டும் அப்படியே இருக்கிறது. நான் முந்தின வாரம் சுட்டு எடுத்து வந்த பழரொட்டியையும், இரண்டு கோப்பைகளையும், தேநீர்க் குடுவையையும் காரின் முன்பக்க மூடிமேல் எடுத்து வைத்தேன். திரும்பிப் பார்த்தால் மலாக்கி அந்தக் கம்பிக் கதவில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளும், சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியது போல வெள்ளைவெளேரென்று ஒரு செம்மறிக் கிடாவும் நின்றார்கள். அந்த ஆளின் பெயர் ஃபின்பார் லேஹி என்று பின்னர் தெரிந்தது.

"நீங்க எப்படி இங்க?" என்று நான் அவரைக் கேட்டேன்.

"இவர்தானேம்மா ஜூன் மாசமே சொல்லி வெச்சாரு. பதினஞ்சாந் தேதி ஒரு மணிக்கு நாற்சந்திக்கு வர்றோம், கிடாவைக் கொண்டாங்கன்னு. மணி தவறாம வந்துட்டீங்களே!" என்றார். நான் நோட்டில் எழுதிய நேரத்துக்கு அந்தக் கிடா வந்து நின்றது.

அதன் பிறகு பேரம் நடந்தது. ஃபின்பார் விலை சொல்வார், மலாக்கி "சரி, வேண்டாம்" என்று பத்தடி நடப்பார், ஃபின்பார் கூப்பிடுவார், மலாக்கி திரும்பி வருவார். எங்கள் பக்கத்தில் எந்த மிருகமும் இந்த நடை இல்லாமல் கைமாறாது, அதை நான் குறை சொல்லவில்லை. ஐம்பது நிமிடம் கழித்து, "ஏங்க, தேநீர் ஆறிப்போச்சு" என்றேன். கேட்கவில்லை. "நான் கிளம்பறேன்" என்றேன். "ம்" என்றார். காரை எடுத்துக்கொண்டு வளைவு வரை போய்த் திரும்பி வந்தேன். அப்போது மலாக்கி அந்த ஆளிடம் சொன்னதை என் காதால் கேட்டேன்.

"சொன்னேன்ல, திரும்பி வருவான்னு. சந்தையில போறேன் போறேன்னு போனவன் எவன்யா போயிருக்கான்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் பேரம் பேசுகிறேன் என்று என் கணவர் நினைத்துக்கொண்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருந்தாலும் கண்ணாடியை இறக்கி, "மலாக்கி, கிடாவா பயணமா, சொல்லுங்க" என்றேன். "பத்து நிமிஷம் பொறேன், கடல் எங்க போயிடப் போகுது" என்றார். கிடாவின் பல்லைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். இரண்டாவது முறையும் வளைவு வரை போய் வந்தேன். அவர் தலையைத் தூக்கவே இல்லை. மூன்றாவது முறை போனேன், திரும்பவில்லை. அப்போது மணி 2.35.

அன்று இரவு டிராலியில் தங்கினேன். திங்கட்கிழமை கானர் கணவாய் மேலே ஏறினேன். உச்சியில் பத்து நிமிடம் மேகம் விலகியது. இரண்டு பக்கமும் கடல் தெரிந்தது. இதை விட்டுவிட்டா முப்பத்தொரு வருடம் ஆட்டுக்குப் புல் போட்டேன் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தேநீர் குடித்துவிட்டு இரண்டு கோப்பைகளையும் கழுவி வைத்தேன். இரவு டிங்கிளில் தங்கினேன். மறுநாள் விடுதிக்கார அம்மாள் காலைச் சாப்பாடு இருவருக்கும் செய்து வைத்துவிட்டார். மலாக்கிக்குப் பிடித்த பன்றி இரத்தப் புட்டும் அதில் இருந்தது. அவருடைய தட்டையும் நானே காலி செய்தேன்.

அதற்கு முன் திங்கள் மாலையே, ஆள் என்ன ஆனாரோ என்று மனசு கேட்காமல் வீட்டுத் தொலைபேசிக்குப் பேசினேன். அவருடைய கைபேசி காரிலேயே கிடந்தது. எடுத்தார். ஃபின்பார் தம் இழுவைவண்டியில் கிடாவோடு அவரையும் கொண்டுபோய் விட்டிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்னே, "கன்செப்டாவா? புழுமருந்து புகட்டற குழல் டிக்கில இருக்கா பாரு, நாளைக்கு ஆட்டுக்கு மருந்து குடுக்கணும்" என்றார். எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை கேஹர்சிவீனில் தங்கிவிட்டு, இன்று 11.40 மணிக்கு கென்மேர் எல்லைக்குள் வந்தபோது காவலர் ஈமர் கோகன் கையைக் காட்டி நிறுத்தினார். "அம்மா, இந்தக் கார் களவு போயிட்டதா நேத்து புகார் வந்திருக்கு. இறங்குங்க" என்றார். என் வாழ்நாளில் காவல் நிலையப் படியை மிதித்தது, நூலகத்துக்குத் திரும்பாத புத்தகம் ஒன்றைக் கேட்டு வாங்குவதற்காக மட்டும்தான்.

நிலையத்தில் புகாரைப் படித்துக் காட்டினார்கள். ஞாயிறன்று லிஸ்டோவல் அருகே நாற்சந்தியில் நின்ற காரைக் காணவில்லை என்று இருந்தது. காரில் இருந்தவை: ஒன்று, புழுமருந்துக் குழல். இரண்டு, ஆட்டுத்தீவன மூட்டை இரண்டு. மூன்று, ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி. நான்கு, கைபேசி. பட்டியல் அவ்வளவுதான். மறுபடியும் படிக்கச் சொன்னேன். மறுபடியும் அவ்வளவுதான் இருந்தது. ஓட்டிக்கொண்டு போனது யார் என்பதும் எங்குமே இல்லை.

காப்பீட்டில் பெயர் உள்ள மனைவி குடும்பக் காரை ஓட்டுவது களவு ஆகாது என்று காவலரே சொன்னார். ஆனாலும் புகார் கொடுத்தவர் வாபஸ் வாங்கும் வரை சாவியைத் தர முடியாது என்றும், எனக்கு இரண்டு நாள் மீதி இருப்பது தமக்குப் புரிகிறது என்றும் சொல்லி, அவரே மலாக்கியைத் தொலைபேசியில் அழைத்து, நானும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்தார்.

"பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டான்னு நம்ம ஊர் ஸ்டேஷன்ல எப்படிங்க சொல்றது? ஞாயித்துக்கிழமை சர்ச் பூசையில ஒருத்தன் முகத்துல முழிக்க முடியுமா? அதான் காரைக் காணோம்னு சொன்னேன்" என்றார் மலாக்கி. பிறகு, "இன்னிக்கே கிளம்பி வரச் சொல்லுங்க, புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார்.

நான் எழுந்து கதவு வரை நடந்தேன். காவலர் அதை அவரிடம் சொன்னார்.

"சரி, நாளைக்கு வரட்டும்."

நான் கதவைத் திறந்தேன். காவலர் அதையும் சொன்னார்.

"அம்மா தாயே, வெள்ளிக்கிழமையே வரட்டும்! திட்டத்துல உள்ளபடி வரட்டும்!"

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். புகார் வாபஸ் ஆவது எனக்குப் போதாது என்றும், காரில் வேறு என்ன இருந்தது என்பதை அவர் வாயாலேயே சொல்ல வேண்டும் என்றும், அது வரை இந்தத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொன்னேன். காவலர் அவரிடம், "காரில் இருந்தது வேற ஏதாவது விட்டுப்போச்சா சார்?" என்று கேட்டார். மலாக்கி குழலைச் சொன்னார், மூட்டையைச் சொன்னார், பூட்ஸைச் சொன்னார், கைபேசியைச் சொன்னார். அப்புறம் பின்னால் அந்தக் கிடா கத்துவது கேட்டது.

"கன்செப்டாவும் இருந்தா" என்றார்.

காவலர் புகாரின் பிரதியை எடுத்து, பட்டியலில் ஐந்தாவதாக என் பெயரை எழுதி, தேதியும் நேரமும் போட்டுச் சுருக்கொப்பம் வைத்தார். அதை முதலாவதாக எழுதச் சொல்லிக் கேட்டேன். புகார்தாரர் சொன்ன வரிசையை மாற்றத் தமக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

பகல் 1.50 மணிக்குச் சாவி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. நாளை அலிஹீஸ், நாளை மறுநாள் வீடு. இதில் கண்ட அனைத்தும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. ஒரே ஒரு இடத்தில் "கணவரை நாற்சந்தியில் விட்டுவிட்டுச் சென்றேன்" என்று எழுதியிருந்ததை நான் ஏற்கவில்லை. அதை அடித்து, "கணவர் நாற்சந்தியில் நின்றுவிட்டார், நான் பயணத்தைத் தொடர்ந்தேன்" என்று என் கையாலேயே எழுதி, ஓரத்தில் ஒப்பமிட்டிருக்கிறேன். மற்றபடி ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை, யாரும் என்னை மிரட்டியோ கெஞ்சியோ சொல்ல வைக்கவில்லை என்று உறுதி கூறுகிறேன்.

(ஒப்பம்) கன்செப்டா டோலன்

என் முன்னிலையில்: ஈமர் கோகன், காவலர்