வண்டியை மறித்த கைகள்

புறப்பட்டுவிட்ட வண்டியின் முன்னால் பனியில் கைவிரித்து நின்ற பெருமாட்டியே! அல்தாய் மலையடிவாரத்து மழலைகளின் மருத்துவரே! எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருசேர உரிய துல்மா அம்மையாரே!

கூடாரத்தைப் பிரித்து ஏற்றிக்கொண்டு குளிர்கால மேய்ச்சலுக்குக் கிளம்பிய லாரி அது. ஓட்டிவந்த கன்சூக் இறங்கி, புயலுக்கு முன் கணவாயைத் தாண்டாவிட்டால் மந்தையே மடியும் என்று மன்றாடினார். தாங்கள் அசையவில்லை.

"நீ மந்தையோட போ. பிள்ளையையும் அம்மாவையும் இங்க இறக்கிவிட்டுப் போ."

முந்தின நாள் நம் மருத்துவமனைக்குத் தடுப்பூசி போட வந்திருந்த கன்சூக்கின் மனைவி குலான், பத்து மாத மகன் நிற்க மறுக்கிறான், இடது காலை ஊன்றுவதே இல்லை என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னாள். காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். பிள்ளையைப் புகழ்ந்தால் கண்பட்டுவிடும் என்று, கொழுகொழு குழந்தையையும் நோஞ்சான், நாய்க்குட்டி என்று பழித்தே வளர்ப்பவர்கள் அல்லவா நாம்!

"ஆமாமா, மகா மோசமான பய. எங்க வீட்டுது இதைவிடக் கேவலம்" என்று ஒருத்தி முறைப்படி பதில் மரியாதையும் செய்தாள். கணவரும் அதைக் கண்ணேறு கழிக்கும் பேச்சென்றே எண்ணியிருந்தார். தடித்த தோலாடைக்குள் கால்கள் யார் கண்ணுக்கும் படவில்லை.

வெளியூர்ச் சுற்றிலிருந்து திரும்பிய தாங்கள் மறுநாள் காலை நாங்கள் இதை வேடிக்கையாகச் சொல்லக் கேட்டீர்கள். சிரிக்கவில்லை. உப்புத் தேநீரைக் கீழே வைத்துவிட்டு ஓடினீர்கள். லாரியிலேயே பிள்ளையின் முழங்கால்களை மடக்கி விரித்தீர்கள். ஒரு தொடை விரிய மறுத்தது. இடுப்பு மூட்டு இடம் விலகியிருந்தது. மாநில மருத்துவமனைக்குத் தாங்களே அழைத்துச் சென்று, மாவுக்கட்டுப் போடும்வரை உடனிருந்தீர்கள். இன்று வளர்ந்துவிட்ட அந்தப் பையன் சென்ற கோடைவிழா மற்போரில் முதல் சுற்றிலேயே தோற்றான். இரண்டு காலையும் ஊன்றி நின்றே தோற்றான்!

ஊர்தி நின்றால் குதிரை, குதிரை நின்றால் நடை எனக் கூடாரம் கூடாரமாய்ச் சென்று, குழந்தையின் கால்களை நீட்டி இறுக்கிக் கட்டாதீர்கள், இடுப்பு விலகும் என்று கெஞ்சியும் கடிந்தும் சொன்ன கொள்கைக் குன்றே! அவன் அப்பனும் தாமதமாகத்தான் நடந்தான் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் சமாதானத்தைத் தாங்கள் ஒருநாளும் ஏற்றதில்லை. தொட்டுப் பார்த்த பிறகே, கவலை வேண்டாம் என்பீர்கள். அதனால்தான் அந்தச் சொல்லை நம்பித் தாய்மார் உறங்கினார்கள்.

தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில், நம் மரபுப்படி மரியாதைக்குரிய நீலப் பட்டுத்துகில் ஏந்தி வேண்டுகிறோம்: நோயின்றி, நொடியின்றி, பேரப்பிள்ளைகள் பின்னால் ஓடிக் களைக்கும் நீண்ட வாழ்வு தங்களுக்கு வாய்க்கட்டும்!

குலான் மட்டும் அறிந்த ஒன்றை இங்கே சொல்லத் தாங்கள் நேற்றுத்தான் இசைந்தீர்கள். தாங்கள் சாய்ந்து நடப்பது குதிரையிலிருந்து விழுந்ததால் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். எல்லாரும் சிரித்தபோது தாங்கள் மட்டும் எப்படி நம்பினீர்கள் என்று மாநில மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவள் கேட்டாள். தாங்கள் சொன்ன மறுமொழி:

"எங்கம்மாவும் இதையேதான் ஊரெல்லாம் சொன்னாங்க. யாரும் நம்பல."

இங்ஙனம்,
தங்கள் ஓய்வைத் தடுக்கத் துணிந்து தோற்ற
மலையடிவார மருத்துவமனைப் பணியாளர்கள்