இடது கையால் தட்டியது குறித்து

மேலே கண்ட முகவரியில் தனியாக வசித்து வருகிறேன். வயது நாற்பத்தொன்பது. ஆங்கிலத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவள். திருமணம் ஆகவில்லை. தமிழில் படித்தவர்களுக்கான ஆங்கில அகராதி ஒன்றைத் தயாரிக்கும் அலுவலகத்தில் துணையாசிரியராக இருக்கிறேன். என் மீது வந்த புகாரைக் காவல் ஆய்வாளர் விசாரித்ததன் பேரில் எனக்குத் தெரிந்ததை நானாகவே சொல்கிறேன்.

மருத்துவமனையில் இருக்கும் நோயாளி எங்கள் அலுவலகத்தின் மூத்த ஆசிரியர். மனைவியை இழந்தவர். தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். நானும் அவரும் பல வருடங்களாக ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்கிறோம். ஒன்றுபோல் தோன்றும் இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கு என்ன வேறுபாடு என்று குறிப்பு எழுதுவது எங்கள் பகுதி. வேலை நடக்கும் விதத்தைச் சொல்லாவிட்டால் புகார் புரியாது. ஒருவர் ஒரு வாக்கியத்தை நடுவில் இடம் விட்டுப் படிப்பார். மற்றவர் இரண்டு சொற்களையும் அந்த இடத்தில் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார். ஒன்று மட்டும் பொருந்தினால் வாக்கியம் அகராதிக்குப் போகும். இரண்டும் பொருந்தினால் தள்ளுபடி. தள்ளுபடி என்பதை அவர் வாயால் சொல்வதில்லை, உள்ளங்கையால் மேசையை ஒரு தட்டுத் தட்டுவார். என் தேநீர் பலமுறை சிந்தியிருக்கிறது. சில நாள், “ரெண்டு பேரும் உக்காந்துட்டாங்க மேடம், பெஞ்ச மாத்துங்க” என்பார். அவர் என்னை மேடம் என்றும் நான் அவரை சார் என்றும்தான் கூப்பிடுவது.

சென்ற மாதம் அவர் குளியலறையில் விழுந்துவிட்டதாகத் தம்பி அலுவலகத்துக்குத் தகவல் சொன்னார். பக்கவாதத்தில் வலது கையும் பேச்சும் போயிருந்தன. அதன் பின்னர் அலுவலகத்தார் எல்லோருமாகப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தோம். அதன் பின்னர் நான் மட்டும் தினமும் பார்வையாளர் நேரத்தில் போனேன். வார்டு வாசலில் காவலாளி, “நீங்க யாரும்மா அவருக்கு?” என்று கேட்டார். ஆபீஸிலிருந்து வருகிறேன் என்றேன். “ஆபீஸ்ல இருந்து தினமுமா?” என்றார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சீப்பு, பூட்டு முதலிய படங்களைக் காட்டிப் பெயர் கேட்டபோதெல்லாம் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் பின்னர் அந்தப் பெண், அவருக்குப் பழகிய வேலையைப் பற்றிப் பேசிப் பார்க்கும்படி என்னிடம் சொன்னார். நான் பழைய வாக்கியம் ஒன்றைப் படித்தேன். வைட், பிராட் இரண்டும் அகலத்தைச் சொல்பவை. தோளுக்குப் பிராட் வரும். கதவை நன்றாகத் திறந்து வைத்ததற்கு வைட் மட்டும்தான் வரும். அவர் வெகுநேரம் உதட்டை அசைத்து, “வைட்” என்றார். தம்பியின் மனைவி, “பெரியவர் பேசிட்டாரு சிஸ்டர்!” என்று வராந்தாவில் ஓடினார்.

அதன் பின்னர் தம்பி வந்து கட்டில் அருகில் குனிந்து, “அண்ணே, இங்க பாரு. நான் யாரு?” என்று கேட்டார். பதில் வரவில்லை. மறுநாளும் அப்படியே. அதன் பின்னர் என்னை வெளியே அழைத்து, “கூடப் பொறந்தவன் நான். எனக்கு ஒரு வார்த்தை வரல. உங்களுக்குன்னா இங்கிலீஷே வருதோ?” என்றார். அவர் கேட்டதில் தவறில்லை.

நேற்று முன்தினம் நடந்தது: அவர் விழுந்தபோது எங்கள் மேசையில் முடியாமல் இருந்த ஜோடி வெயிட், எக்ஸ்பெக்ட். முதலாவது காத்திருப்பது. மற்றது, வரும் என்று நம்புவது. வரும் என்று நம்புகிறவள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வராது என்று தெரிந்தவளும் காத்திருக்கலாம். இதைக் காட்டும் வாக்கியம் எங்களுக்கு அமையவே இல்லை. அன்று நான் புதிதாக ஒன்றைப் படித்தேன். விட்ட இடம் போக, ஒரு பெண் ஒருவருடைய பதிலுக்காக இருக்கிறாள் என்பது அதன் பொருள். அவர் இடது கையால் கட்டிலை ஓங்கித் தட்டினார். அதன் பின்னர் மீண்டும் மீண்டும் தட்டினார். அந்தக் கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்த ஊசி கழன்று விரிப்பில் இரத்தம் பட்டது. தம்பி ஓடிவந்து, “மனுஷனைச் சாகடிக்கவா வர்றீங்க? பரீட்சை வைக்கிற நேரமா இது?” என்று சத்தம் போட்டார். அதன் பின்னர் காவலாளி என்னை வெளியேற்றினார். அன்றிலிருந்து அவருடைய இடது கையைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டி வைத்திருப்பதாகத் தம்பியின் மனைவி எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

நான் துன்புறுத்தியதால் நோயாளி என்னை அடித்து விரட்டினார் என்பது தம்பியின் புகார். அவர் அடித்தது என்னையல்ல, வாக்கியத்தை. அதில் இரண்டு சொற்களும் பொருந்துகின்றன. ஒரே தட்டுத்தானே வழக்கம், ஏன் பலமுறை தட்டினார் என்று ஆய்வாளர் கேட்டார். எனக்குத் தெரியாது. அழுதாரா என்று கேட்டார். பக்கவாதம் வந்தால் ஒரு கண்ணில் தானாக நீர் வடியலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் நான் கவனித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் வந்தது.

நோயாளி எனக்கு என்ன வேண்டும் என்று கேட்கப்பட்டது. எழுதிக்கொண்டிருந்த ஏட்டு, “கலீக்னு போடவா, ஃப்ரெண்டுன்னு போடவா?” என்றார். இரண்டும் பொருந்தும் என்றேன். உடன் பணிபுரிபவர் என்று எழுதிக்கொண்டார்.

அதன் பின்னர் தம்பி வரவழைக்கப்பட்டார். அண்ணனுக்குத் தினமும் முகம் மழித்துவிடுவது அவர்தான் என்பதையும் பதிவு செய்ய வேண்டுகிறேன். “ஞாயித்துக்கிழமை ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடறோம் சார். கேஸெல்லாம் வேணாம். இவங்க வராம இருந்தாப் போதும்” என்றார். இடது கையின் கட்டை அவிழ்த்துவிட வேண்டும் என்பது மட்டுமே என் கோரிக்கை. அது அவருக்குக் கை மட்டுமல்ல, இப்போதைக்கு வாயும் அதுதான். தம்பி இன்றே அவிழ்ப்பதாக ஒப்புக்கொண்டார்.

அதன் பின்னர் ஏட்டு, ‘நோயாளியை இனிச் சந்திப்பதில்லை என்பதற்குச் சம்மதிக்கிறேன்’ என்று எழுதிப் படித்துக் காட்டினார். அதை அடித்துவிட்டு ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதும்படி கேட்டேன். “ரெண்டும் ஒண்ணுதானேம்மா?” என்றார். இல்லை என்றேன். ஆய்வாளர் என்னைப் பார்த்தார். அதன் பின்னர் அடித்து எழுதச் சொன்னார்.

சொன்னபடியே எழுதப்பட்டிருப்பதைத் திருத்தத்தோடு நானே படித்துப் பார்த்தேன். எல்லாம் உண்மை. திருத்திய இடத்திலும் கீழேயும் கையொப்பமிட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)