கோழிக்கூடும் தண்ணீர் எஞ்சினும்

நாள்: 06.10.2025. நேரம்: காலை 10.40. இடம்: இலுப்பூர் காவல் நிலையம்.

எனது பெயர் செங்கமலம், வயது 56, கணவர் பெயர் கண்ணன். இலுப்பூர் கடைவீதிக்குப் பின்தெருவில் குடியிருந்து, இருபத்திரண்டு வருடங்களாக டிரைவிங் ஸ்கூல் நடத்தி வருகிறேன். தண்ணீர் இறைக்கும் எஞ்சின் ஒன்றை நான் திருடியதாக என் உடன்பிறந்த அண்ணன் உடையப்பன், வயது 61, கடந்த 02.10.2025 அன்று கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. ஆட்டுக்கல் பற்றிய வரி உட்பட அதில் உள்ள அனைத்தும் உண்மை. எஞ்சினை எடுத்தது நான்தான். ஏன் எடுத்தேன் என்பது அதில் இல்லாததால் சொல்கிறேன்.

மேற்படி எஞ்சின் தண்ணீர் இறைக்கச் செய்யப்பட்டது அல்ல. எங்கள் தகப்பனார் மலையாண்டி 1972-ல் புதுக்கோட்டை டாக்டர் ஒருவரிடம் வாங்கிய ஃபியட் காரின் எஞ்சின் அது. கதவில் 27 என்று வெள்ளை பெயிண்டில் எழுதி, 1974-ல் திருச்சியிலிருந்து கொடைக்கானல் வரை நடந்த கார் ரேலியில் அவர் அதை ஓட்டி ஏழாவதாக வந்தார். 1976-ல் வேறொரு ரேலியில் கண்மாய்க்கரையில் சறுக்கித் தண்ணீருக்குள் இறங்கி, ஊர்க்காரர்கள் கயிறு கட்டி இழுத்த பிறகு கடைசியாக வந்து சேர்ந்தார். ஏழாவதாக வந்ததைவிடக் கடைசியாக வந்ததைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசுவார். அதன் பிறகு 1983-ல் மழை பொய்த்தபோது எஞ்சினைக் கழற்றிக் கிணற்று மேட்டில் பூட்டி, மண்ணெண்ணெயில் ஓடவிட்டுத் தண்ணீர் இறைத்தார்கள். கரண்டு மோட்டார் வரும்வரை பதினான்கு வருடம் அதை ஓட்டியது என் அண்ணன். கிணற்றில் தண்ணீர் குறைந்து எஞ்சின் சத்தம் இம்மி ஏறினாலும் நாலு வயல் தள்ளி இருந்து ஓடி வருவார். எஞ்சின் இல்லாத காரில் கோழி அடைத்தோம்.

தகப்பனார் காலமான பிறகு 2006-ல் பாகப்பிரிவினை நடந்தது. பத்திரம் எழுதியவர் நேரில் வந்து பார்த்து, "மோட்டார் கொட்டகையும் அதிலுள்ள தண்ணீர் எஞ்சினும்" என்று அண்ணன் பாகத்திலும், "கோழி அடைக்கும் தகரக் கூடு ஒன்று" என்று என் பாகத்திலும் எழுதிவிட்டார். கார் என்ற வார்த்தையே பத்திரத்தில் கிடையாது. எஞ்சினையும் எனக்கே கொடுக்கும்படி ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் கேட்டேன். "கோழிக்கூட்டுக்கு எதுக்குத்தா எஞ்சினு?" என்று அண்ணன் கேட்டார், நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து பத்தொன்பது வருடம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான்தான் பேசவில்லை என்று அவரும், அவர்தான் பேசவில்லை என்று நானும் சொல்லி வந்தோம்.

அதன் பிறகு நான் கூட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, கோழி எச்சத்தைச் சுரண்டி, தகரம் மாற்றி, பழைய பச்சை நிறமே அடித்து, 27-ஐயும் திரும்ப எழுதினேன். எஞ்சின் மட்டும் இல்லை. அண்ணன் வருடத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்கு மட்டும் கொட்டகையைத் திறந்து, எஞ்சினுக்குப் பொட்டு வைத்து, சாக்குப் போட்டு மூடிவிடுவார். எனவே கடந்த வருட ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள், 14.10.2024 பகல் பதினோரு மணிக்கு, அவர் விராலிமலையில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தபோது, குட்டியானை வண்டியுடன் போய் எஞ்சினை ஏற்றிக்கொண்டேன். சாவி கொடுத்தது அண்ணி சொர்ணவல்லி. இதை எழுத வேண்டாம் என்று தலைமைக் காவலர் சரண்யா அவர்களிடம் கேட்டேன், எழுதித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். சாக்குக்கு அடியில் ஆட்டுக்கல்லை வைத்தது அண்ணியின் யோசனை. ஆட்டுக்கல்லைத் தூக்கியது நான். இடுப்பு இன்னும் வலிக்கிறது.

பூஜைக்குப் பூஜை ஒரு வருடம் கையில் கிடைத்ததால் திருச்சி லேத்தில் கொடுத்து எஞ்சினைச் சரிசெய்து காரில் பூட்டினேன். இந்த வருடம் 01.10.2025 அன்று சந்தனக் கிண்ணத்துடன் சாக்கைத் தூக்கிய அண்ணன் ஆட்டுக்கல்லைப் பார்த்தார். மறுநாள் புகார் கொடுத்தார். திங்கட்கிழமை நிலையத்துக்கு வர வேண்டும், அதுவரை எஞ்சினை மாவட்டத்தை விட்டு வெளியே கொண்டு போகக் கூடாது என்று எனக்குப் போனில் சொல்லப்பட்டது. நான் பெயர் கொடுத்திருந்த பழைய கார் ரேலி அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை. விராலிமலையில் தொடங்கிக் கட்டுமாவடியில் முடிவது. முழுவதும் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்தான் என்பதால் நான் உத்தரவை மீறவில்லை.

இந்த ரேலியில் முந்தி வருகிறவர் ஜெயிப்பதில்லை. மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகம் மாறாமல், குறித்த நேரத்துக்கு வர வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் ஒவ்வொரு செகண்டுக்கும் மார்க் குறைப்பார்கள். போனில் வேகம் பார்க்கக் கூடாதென்று அதையும் வாங்கிக் கவரில் போட்டு சீல் வைத்துவிடுவார்கள். என் மகள் இலக்கியா பக்கத்தில் உட்கார்ந்து நேரம் பார்த்தாள். இலுப்பூர் வருவதற்குள் வேகம் காட்டும் கேபிள் அறுந்துவிட்டது. நிறுத்தாமல் குத்துமதிப்பாக ஓட்டினேன். திங்கட்கிழமை எஞ்சின் கொட்டகைக்கே திரும்பிவிடும், இந்த ஒரு நாள்தான் எனக்கு என்று தெரியும்.

இலுப்பூர் தாண்டியதும் அண்ணன் தன் மொபட்டை ரோட்டின் குறுக்கே நிறுத்திவிட்டு நின்றார். என்னைப் பார்க்காமல் இலக்கியாவிடம், "எஞ்சின எறக்கி வச்சுட்டு, கூட்டத் தள்ளிக்கிட்டுப் போகச் சொல்லு ஒங்க ஆத்தாள" என்றார். நானும் இலக்கியாவிடம், "நேரமாச்சு, தள்ளி நிக்கச் சொல்லு ஒங்க மாமாவ" என்றேன். அவர் பானெட்டைத் திறக்கச் சொல்லி, ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் மேல் கை வைத்துப் பார்த்தார். அதன் பிறகு மொபட்டைப் புளியமரத்தடியில் விட்டுவிட்டு, "எஞ்சின் எங்கிட்டுப் போகுதோ அங்கிட்டு நானும் வாரேன்" என்று சொல்லி முன்சீட்டில் ஏறினார். இலக்கியா பின்சீட்டுக்குப் போனாள்.

அங்கே நின்றதில் போன நேரத்தை அன்னவாசலில் விட்ட டீ இடைவேளையில் ஈடுகட்டிவிட்டோம். அதன் பிறகு ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்வரை நேரம் பார்த்த இலக்கியா, "தொண்ணூறு செகண்டும்மா, கரெக்டா நாப்பது" என்றாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் கண்ணைத் திறக்காமலே, "சத்தம் ஏறுது, கொறத்தா" என்றார். பத்தொன்பது வருடத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசியது அதுதான். குறைத்தேன். அடுத்த கல்லில் தொண்ணூறு. அறந்தாங்கி தாண்டியும், "எறங்குது, மிதி", "போதும்", "ஏறுது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஊருக்கெல்லாம் டிரைவிங் சொல்லிக்கொடுத்தவள் நான், லைசென்ஸே இல்லாத என் அண்ணன் சொன்னபடி கட்டுமாவடி வரை ஓட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எப்போதும் வண்டி ஓட்டியதில்லை.

முடிவில் குறித்த நேரத்துக்கு நான்கு செகண்டுதான் வித்தியாசம். முதல் பரிசு. மீன் ஏலத்துக்கு வந்திருந்த பெண்கள்கூட ஏலத்தை விட்டுவிட்டுக் கை தட்டினார்கள். கோப்பையை வாங்கிய அண்ணன் மைக்கைப் பிடித்து, "எஞ்சின் என்னோடது" என்று மட்டும் சொல்லி இறங்கினார். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்தது என்று எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

களவு போனதாகச் சொல்லப்படும் எஞ்சின் இப்போது நிலையத்தின் வாசலில் காருக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணன் அதை அணைக்க மறுக்கிறார். புகாரைத் திரும்பப் பெறவும் மறுக்கிறார். பெற்றால் எஞ்சின் அவருடையது என்பதற்கு ஆதாரம் இல்லாமல் போய்விடுமாம். அதற்குப் பதிலாக, களவுப் பொருளை எதிரியாகிய என் பொறுப்பிலேயே விட்டுவைக்கலாம், ஆனால் அது ஓடும்போதெல்லாம் புகார்தாரர் முன்சீட்டில் இருப்பார் என்று எழுதித் தரச் சொல்கிறார். நான் சம்மதிக்கிறேன். அடுத்த ரேலி ஜனவரியில்.

மேலே கண்டவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டவை. எனக்குப் படித்துக் காட்டியபோது வாசலில் எஞ்சின் சத்தம் பலமாக இருந்ததால் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். எல்லாம் உண்மை, சரி.

(ஒப்பம்) க. செங்கமலம்

முன்னிலை: (ஒப்பம்) ம. உடையப்பன், புகார்தாரர், எஞ்சின் சொந்தக்காரர்