குளிசை போட்ட வைரவர்

மட்டக்களப்பிலிருந்து வாகரைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவருக்குப் பல் பழுதாகிக் கன்னம் வீங்கியிருந்தது. கையில் மருந்துக் குளிசைகள் இருந்த பை. மற்றவர் அவருடைய மச்சான்.

"நான் எங்க மச்சான் குடிக்கிறன்? வைரவரெல்லோ குடிக்கிறார்," என்றார் கன்னம் வீங்கியவர்.

அதற்குப் பிறகு என் காது வேறு பக்கம் போகவில்லை. நாளைக்குப் பனிச்சங்கேணியில் கோயில் சடங்காம். வைரவர் இவர்மேல்தான் வந்து ஆடுவாராம். ஆடும்போது சாராயம் கேட்பாராம்.

"இந்த அன்டிபயோட்டிக்கோட சாராயம் தொட்டா வயித்தப் பிரட்டிச் சத்தி, தலையிடி, நெஞ்சு படபடப்பு எல்லாம் வருமெண்டு டொக்டர் சொன்னவரெல்லோ?" என்றார் மச்சான்.

"அது மனிசருக்கு."

"வயிறு ஆருட வயிறு? ஊர்ச்சனம் கும்பிட்டுக்கொண்டு நிக்கக்குள்ள வைரவர் சத்தி எடுத்தா என்ன செய்வாய்?"

"அப்ப நாளைக்கு மட்டும் குளிசைய விடுறன்."

"விட்டா கன்னம் இன்னும் வீங்கும். குளிசை முடிஞ்சும் ரெண்டு மூணு நாளைக்குக் குடிக்கப்படாதாம். வைரவரிட்டச் சொல்லு, இந்த வரிசம் இளநி கேக்கட்டும்."

"அதெப்படிகா நான் சொல்லுற? வாறவர் என்ன கேப்பாரெண்டு எனக்குத் தெரியுமா?"

"போன வரிசம் எந்தச் சாராயம் கேப்பாரெண்டு முதல் நாளே சொல்லி, என்னை வாங்க வச்சாயே!"

அவர் வீங்கிய கன்னத்தைப் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"செவ்விளநியாப் பாத்து வெட்டி வை. மற்றது அவருக்குப் பிடிக்காது."